எட்டோரே புகாட்டியும் பழைய வண்டிகளின் மதிப்பும்

பழம்பொருள் ஒன்றனை மதிப்பிடப் புகுவார்க்கு அளவுகோல் இரண்டு உள. ஒன்று அதன் அழகு. மற்றொன்று அதன் வரலாறு. கோயிற் சிற்பமாயினும், ஓலைச்சுவடியாயினும், பாட்டனார் வைத்துச் சென்ற மரப்பெட்டியாயினும் இவ்விரண்டும் ஒருங்கே நோக்கத்தக்கன. ஆயின் இவ்விரண்டும் எப்பொழுதும் ஒருவழிச் செல்வன அல்ல. அழகை மீட்கப் புகுந்து வரலாற்றை அழித்தவரும் உளர்; வரலாற்றைக் காக்கப் புகுந்து பொலிவின்மையைப் பொறுத்துக்கொண்டவரும் உளர்.

மோட்டார் வண்டி தோன்றி நூறாண்டுக்கு மேலாயின. ஆதலின் இவ்வழக்கு அதனைப் பற்றியும் எழுந்துள்ளது. மேனாடுகளில் பழைய வண்டிகளைப் பசும்புல்வெளியில் வரிசையாக நிறுத்தி, நடுவர் பலர் சுற்றிவந்து ஆராய்ந்து பரிசளிக்கும் விழாக்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. புதிதுபோல் ஒளிரும் வண்டி மேலானதா, தழும்புகளைத் தாங்கி நிற்கும் வண்டி மேலானதா என்பது அவ்விழாக்களில் நெடுங்காலம் நிலவிய ஐயம். இவ்வையத்தைத் தெளிதற்கு ஒருவருடைய வாழ்க்கை நமக்குப் பெருந்துணை செய்யும். அவரே எட்டோரே புகாட்டி என்பார். அவர் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறியுமாறு ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

இத்தாலி நாட்டு மிலான் நகரில் 1881-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் எட்டோரே பிறந்தார். தந்தையார் கார்லோ புகாட்டி, புதுமுறையில் நாற்காலி, மேசை, பேழை முதலியவற்றை இழைத்துப் புகழ்பெற்ற கலைஞர். ஓவியர் செகந்தினி அவர்க்கு மைத்துனர். இளவல் ரெம்பிராண்ட், விலங்குகளை வெண்கலத்தில் வடிப்பதில் தமக்கு நிகரில்லாச் சிற்பி ஆயினார். இத்தகைய குடியிற் பிறந்த எட்டோரேயின் கண் கலைக்கண்ணாக இருந்தது வியப்பன்று. அக்கண் இயந்திரத்தின்பாற் சென்றதே வியப்பு. பதினேழு பதினெட்டு வயதிலேயே மிலானில் சைக்கிளும் மூன்றுசக்கர மோட்டாரும் செய்யும் தொழிற்சாலை ஒன்றிற் புகுந்து வேலை பயின்றார். 1901-ஆம் ஆண்டில் தாமே அமைத்த நான்குசக்கர வண்டி ஒன்றை மிலான் கண்காட்சியில் வைத்துப் பரிசும் பெற்றார்.

அவ்வண்டியைக் கண்ணுற்ற டி டீட்ரிக் என்னும் குழுவினர், அக்காலத்து ஜெர்மானிய ஆட்சியில் இருந்த அல்சாஸ் நாட்டுக்கு அவரை அழைத்தனர். 1902-இல் அவர் அக்குழுவினரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் தந்தையார் கையொப்பமிட வேண்டியிருந்தது. ஏனெனின், சட்டப்படி கையெழுத்திடும் அகவை அவர்க்கு இன்னும் நிரம்பவில்லை. பின்னர்ப் பிறர் கீழ்ச் சில ஆண்டுகள் உழைத்தார். கொலோன் நகரில் டாய்ட்ஸ் தொழிற்சாலைக்குப் பெரிய வண்டிகளை வகுத்துக்கொடுத்த காலத்தில், தம் வீட்டு நிலவறையில் தமக்கென்று சிறிய வண்டியொன்றைத் தாமே கட்டினார். பெரிதே வலிது என்று உலகம் எண்ணிய நாளில், இலேசாக இருப்பதும் வலிமையே என்று அவர் கண்டார். அச்சிறுவண்டியே அவர்தம் பிற்காலப் புகழுக்கெல்லாம் வித்து.

1909-ஆம் ஆண்டில் அல்சாஸில் மோல்ஷைம் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்ட சாயப்பட்டறை ஒன்றில் தம் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவ்வாண்டே அவர்க்கு ஜீன் என்னும் மைந்தர் பிறந்தார். இத்தொழிற்சாலையும் இம்மைந்தரும் அவர் வாழ்வின் இருகண்கள் ஆயினர் எனலாம். ஆயின் முதல் உலகப்போர் வந்து தொழிலைக் கலைத்தது. 1916-ஆம் ஆண்டு ஜனவரியில் இளவல் ரெம்பிராண்ட் பாரிஸில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர்க்கு அப்பொழுது முப்பத்தொரு வயது. அத்துயரம் எட்டோரேயை விட்டு அகன்றதே இல்லை என்பதற்குச் சான்று பின்னர்க் கூறுவோம்.

போர் முடிந்தபின் அல்சாஸ் பிரெஞ்சு நாட்டோடு சேர்ந்தது. 1921-இல் இத்தாலியின் பிரேஷா நகரில் நடந்த ஓட்டத்தில் முதல் நான்கிடங்களையும் புகாட்டியின் சிறுவண்டிகளே கவர்ந்தன. 1924-இல் லியோன் நகரப் பெரும்பந்தயத்தில் 35-ஆம் வகை வண்டி முதன்முதல் வெளிவந்தது. குதிரை லாடம் போன்ற முகப்பு, எட்டு ஆரைகளோடு ஒரே வார்ப்பாக அமைந்த அலுமினியச் சக்கரங்கள், நேர்வரிசையில் எட்டு உருளை கொண்ட எஞ்சின் ஆகியன அதன் அடையாளங்கள். முதல் ஓட்டத்தில் சக்கரங்களின் ரப்பர்ப்பட்டைகள் பழுதாகித் தோல்வியே நேர்ந்தது. ஆயினும் 1925 முதல் 1929 வரை ஐந்தாண்டும் இடைவிடாது சிசிலித் தீவின் தார்கா புளோரியோப் பந்தயத்தில் வென்றவை புகாட்டி வண்டிகளே. 1929-இல் மொனாக்கோ நகரில் முதன்முறை நடந்த பந்தயத்திலும் வெற்றி அவ்வண்டிக்கே உரியதாயிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அவ்வண்டியில் அழகுக்கென்றே ஒட்டவைத்த உறுப்பு யாதும் இல்லை. சக்கரத்தின் ஆரைகள் அகன்றிருப்பது பிரேக்கின் வெப்பம் காற்றிற் கலந்து நீங்குதற்பொருட்டு. வால் குறுகிக் கூராக முடிவது காற்றை ஊடறுத்தற்பொருட்டு. செய்தொழிலுக்கு ஏற்ற வடிவே கண்ணுக்கும் இனிதாயிற்று. எனவே அழகை மதிப்பிடும் நடுவர் முதற்கண் வினாவத்தக்கது இது: இவ்வடிவம் ஏன் இவ்வாறு அமைந்தது? இவ்வினாவுக்கு விடை சொல்லும் வண்டியின் அழகு நிலைத்த அழகாகும்.

அக்காலத்து உயர்தர வண்டிகளைப் பற்றி மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய வழக்கம் ஒன்று உண்டு. எஞ்சினும் அடிச்சட்டமும் சக்கரங்களும் செய்தளிப்பதே பெரும்பாலும் தொழிற்சாலையின் கடன். மேற்கூண்டை, நாம் இன்று பாடி கட்டுதல் என்று வழங்குகின்றோமே அப்பணியை, வாங்குவோர் தம் விருப்பப்படி வேறு கம்மியரிடம் செய்வித்துக்கொள்வர். ஆதலின் ஒரே அடிச்சட்டம் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று கூண்டுகளைத் தாங்குவதும் உண்டு. மனிதர் ஆடை மாற்றுவதுபோல் வண்டி கூண்டு மாற்றிற்று. இவற்றுள் எவ்வாடையை மெய்யானது என்று கொள்வது? பழைய வண்டிகளின் நடுவரை மயங்கவைக்கும் வினா இதுவே.

இம்மயக்கத்தைப் புகாட்டியின் 41-ஆம் வகை வண்டியிற் காண்பதுபோல் வேறெதனிலும் காண்டல் அரிது. ரோயால் எனப்பட்ட அவ்வண்டியை முடிமன்னர்க்கென்றே அவர் கருதினார். எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லிட்டர், வண்டியின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல். முகப்பின் உச்சியில், பின்னங்கால்களில் நின்று துதிக்கை உயர்த்தும் யானையின் உருவம் ஒன்று விளங்கிற்று. அது இறந்துபோன இளவல் ரெம்பிராண்ட் வடித்த சிற்பத்தின் படி. தம் தொழிலின் உச்சியில் தம்பியின் கைத்திறனை ஏற்றிவைத்த தமையனாரின் அன்பை அவ்வியானை இன்றும் கூறிநிற்கின்றது. உலோகத்தின் பளபளப்பை மட்டும் நோக்குவார்க்கு இவ்வரலாறு தோன்றாது.

இருபத்தைந்து ரோயால் வண்டிகள் செய்ய எண்ணிய எட்டோரே செய்தவை ஆறே. விற்றவை மூன்றே. 1929-இல் தொடங்கிய உலகப் பொருள்முடை காரணமாக மன்னர் எவரும் வாங்க முன்வரவில்லை. எஞ்சிய எஞ்சின்கள் இரயில் ஊர்திகளிற் பொருத்தப்பட்டு, பிரெஞ்சு நாட்டு இருப்புப்பாதைகளிற் பொதுமக்களைச் சுமந்து சென்றன. மன்னர்க்கென்று படைத்தது மக்களுக்குப் பயன்பட்டது. தொழிற்சாலையும் அதனாற் பிழைத்தது.

விற்ற மூன்றனுள் முதலாவதை 1932-இல் வாங்கியவர் எஸ்டெர்ஸ் என்னும் ஆடை வணிகர். அதற்குக் கூண்டு வகுத்தவர் இருபத்துமூன்று வயது நிரம்பிய ஜீன் புகாட்டி. இருவர் அமரும் திறந்த வண்டி அது. இரவில் ஓட்டுதல் தமக்கு வழக்கமன்று என்று வணிகர் கூறியமையால் முன்விளக்குகளே அமைக்கப்படவில்லை. அதன் வடிவைக் கண்டார் பலர் புகாட்டி வண்டிகளுள் தலைசிறந்ததென்று போற்றுவர். ஆயின் அடுத்து வாங்கியவர் அக்கூண்டை நீக்கி, பைண்டெர் என்னும் கம்மியரைக்கொண்டு மூடுகூண்டு ஒன்றைக் கட்டுவித்தார். ஜீன் செய்த கூண்டு மறைந்தொழிந்தது. பிற்காலத்தில் படங்களைக்கொண்டு அதன் படியொன்று புதிதாகச் செய்யப்பட்டது. அது பிரெஞ்சு நாட்டு முலூஸ் நகரக் காட்சிசாலையில் உள்ளது. பைண்டெர் கட்டிய மூடுகூண்டோ, மூல அடிச்சட்டத்தின்மேல் வேறிடத்தில் நிலைத்திருக்கின்றது. அழகு மிக்கது புதிய படி. வரலாறு மிக்கது மாற்றப்பட்ட பழைய வண்டி. ஒன்று மற்றொன்றன் இடத்தைப் பிடித்தல் இயலாது. படியைப் படியென்று அறிவித்துக் காட்டும்வரையில் அதனாற் குற்றமில்லை. மூலமென்று கூறிப் பரிசு வேண்டினால் அது பொய்ச்சான்று ஆகும்.

இரண்டாம் வண்டியின் கதை இன்னும் விந்தையானது. ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் 1932-இல் அதனை வாங்கி, மியூனிக் நகர வைன்பெர்கெரிடம் கூண்டு கட்டுவித்து, கறுப்பும் மஞ்சளுமாக வண்ணம் தீட்டுவித்தார். நாஜிகளின் ஆட்சிக்காலத்தில் அவர் தாய்நாட்டை நீங்கினார். வண்டியும் ஷாங்காய் சென்று, பின்னர் நியூயார்க் அடைந்தது. அங்குக் குளிர்காலத்தில் எஞ்சினுள் நீர் உறைந்து அதன் உடல் வெடித்தது. பழைய இரும்பு வாங்குவோர் களத்திற்கு வந்துசேர்ந்த அதனை 1940-களில் சார்லஸ் சேய்ன் என்னும் மோட்டார்ப் பொறியாளர் மீட்டார். வெடிப்பை அடைத்தார், ஒரு கார்புரேட்டர் இருந்தவிடத்தில் நான்கு பொருத்தினார், பிற்பாடு வெண்ணிறம் பூசினார். 1958-இல் டியர்பர்னிலுள்ள ஹென்றி போர்டு காட்சிசாலைக்கு அதனை ஈந்தார். மூலத்தை மாற்றினார் என்று அவரைக் குறைகூறுவோமா? மாற்றியிராவிடின் அது உருக்குலையிற் சென்றிருக்கும். அன்றியும் அவர் செய்த மாற்றங்களுக்கே இன்று எழுபது ஆண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அவையும் வண்டியின் வரலாற்றில் ஓர் ஏடு ஆயின. மாற்றம் எல்லாம் கேடு என்பதும், மாற்றம் எல்லாம் நன்று என்பதும் ஒருங்கே பிழை. யார், எப்பொழுது, எதன்பொருட்டு மாற்றினார் என்பதே ஆராயத்தக்கது.

மீண்டும் எட்டோரேயின் வாழ்க்கைக்கு வருவோம். 1936-இல் பிரெஞ்சு நாடெங்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது மோல்ஷைம் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். தம்மைக் குடும்பத்தலைவராகவும் அவர்களை மக்களாகவும் எண்ணியிருந்த எட்டோரே மனமுடைந்து பாரிஸ் நகர் சென்றார். தந்தைபோல் நடத்தல் வேறு, உரிமையை ஒப்புக்கொள்ளல் வேறு என்பதை அவர் உணர்ந்தாரோ இல்லையோ, தொழிற்சாலையின் பொறுப்பு ஜீனின் கைக்கு வந்தது.

ஜீன் தந்தையின் கண்ணையும் தம் இளமையையும் சேர்த்து வடிவங்களை வகுத்தார். 1935-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த வண்டியின் கூண்டு மக்னீசியம் கலந்த இலேசான உலோகத்தால் ஆனது. அதனைப் பற்றவைத்து இணைத்தல் அரிது. ஆகவே இருபாதிகளையும் நடுமுதுகில் மடித்து ஆணி தைத்து இணைத்தனர். மீனின் முதுகுத்துடுப்புப் போன்ற அவ்விளிம்பு தேவையினாற் பிறந்தது. பின்னர் அட்லாண்டிக் என்னும் பெயரில் நான்கு வண்டிகளை அலுமினியத்தாற் செய்தபொழுது ஆணி தைக்கும் தேவை இல்லை. ஆயினும் அவ்விளிம்பை அழகின்பொருட்டே வைத்துக்கொண்டனர். நான்கனுள் ஜீன் தாமே பயன்படுத்திய கருவண்டி போர்க்காலத்தில் மறைந்தது, இன்றுவரை கிடைக்கவில்லை. மற்றொன்று 1955-இல் இருப்புப்பாதைக் கடவையில் இரயிலால் மோதுண்டு நொறுங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உருவாக்கப்பட்டது. அதனையும் ஏனை இரண்டனையும் அருகருகே நிறுத்தினால் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஏடுகளைப் புரட்டினாலன்றி வேற்றுமை புலனாகாது. அழகைக் கண் காணும். வரலாற்றைக் கற்றே அறிதல் வேண்டும்.

1939-ஆம் ஆண்டு லேமான் நகரின் இருபத்துநான்குமணி ஓட்டத்தில் புகாட்டி வண்டி வாகைசூடிற்று. இரண்டு திங்கள் கழித்து, ஆகஸ்டு 11-ஆம் நாள், அவ்வண்டியையே மோல்ஷைம் அருகே சாலையில் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார் ஜீன். எதிர்ப்பட்ட சைக்கிள்காரர்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பினார். அது மரத்தில் மோதிற்று. முப்பது வயதில் அவர் உயிர் நீத்தார். பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரை இழந்த அவ்விளைஞரை எண்ணுங்கால் நம் உள்ளம் நெகிழ்கின்றது.

மூன்று வாரத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியர் அல்சாஸைக் கைப்பற்றி, தொழிற்சாலையைத் தமக்கு விற்றுவிடுமாறு எட்டோரேயை நெருக்கினர். அவரும் விற்கும்படி ஆயிற்று. போர் முடிந்ததும் பிரெஞ்சு அரசினர், அது பகைவர்க்கு விற்ற சொத்து என்று சொல்லிப் பறிமுதல் செய்தனர். வழக்காடினார். தொழிற்சாலை அவர்க்கே உரியதென்னும் தீர்ப்பு 1947-இல் வந்தபொழுது அவர் நோய்ப்படுக்கையிற் கிடந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் பாரிஸில் இறந்தார். தம்பியையும் மைந்தரையும் தொழிற்சாலையையும் இழந்து, மீட்டதை நுகராமலே சென்றார். மோல்ஷைமை அடுத்த டோர்லிஷைம் ஊர்க் கல்லறையில் குடும்பத்தாரோடு துயில்கின்றார்.

அவர் விட்டுச்சென்ற வண்டிகளின் வாழ்க்கையோ தொடர்ந்தது. முலூஸ் நகரில் கம்பளிநூல் ஆலை நடத்திய சுலும்ப் உடன்பிறந்தார் இருவர் நூற்றுக்கு மேற்பட்ட புகாட்டி வண்டிகளைப் பிறர் அறியாது தொகுத்துவந்தனர். ஆலைத்தொழில் நலிந்து வேலை இழந்த தொழிலாளர் 1977-இல் அவ்விடத்துட் புகுந்தபொழுதுதான் உலகம் அத்தொகுதியைக் கண்டது. மறு ஆண்டே பிரெஞ்சு அரசு அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1982-இல் அது பொதுமக்கள் காணும் காட்சிசாலை ஆயிற்று. அங்கு வரிசையாக ஒளிரும் வண்டிகளைக் காண்போர், அவ்வொளியின் பின்னே கூலி இழந்தோர் துன்பமும் உண்டென்பதை மறத்தலாகாது. அதுவும் அவற்றின் வரலாறே.

2009-இல் இத்தாலி, சுவிட்சர்லாந்து நாடுகளின் எல்லையிலுள்ள மஜோரே ஏரியிலிருந்து, எழுபது ஆண்டுக்குமேல் நீரினுள் ஐம்பது மீட்டர் ஆழத்திற் கிடந்த சிறு புகாட்டி ஒன்று மேலே எடுக்கப்பட்டது. ஒருபக்கம் துருவும் சேறுமாய் அரித்துப்போயிருந்தது. அதனை ஏலத்தில் வாங்கியோர் இரண்டரை இலட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தனர்; வாங்கியபின் அதனைத் துலக்காமல் அவ்வாறே காட்சிக்கு வைத்தனர். துருவைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசியிருப்பின், உலகிலுள்ள பல புகாட்டிகளுள் அதுவும் ஒன்றாகியிருக்கும். ஏரியின் கதை அழிந்திருக்கும்.

தொடக்கத்திற் கூறிய வழக்கின் முடிவை இனி நோக்குவோம். கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்னுமிடத்தில் 1950 முதல் நடைபெறும் விழாவே இத்தகைய விழாக்களுள் தலையாயது. அங்கு 1990-இலும் 2003-இலும் அட்லாண்டிக் வண்டிகள் முதற்பரிசு பெற்றன. அவை புத்தொளி பெறச் செம்மை செய்யப்பட்டவை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஒரு புகாட்டியே முதற்பரிசு பெற்றது. ஆயின் அது தேய்ந்த வண்ணமும் வடுக்களும் உடையது. 1934-இல் பந்தயத்துக்கென்று செய்த 59-ஆம் வகை வண்டி அது. பின்னர்த் தொழிற்சாலையாரே அதன் கூண்டை மாற்றினர். பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு வாங்கிக் கறுப்பும் மஞ்சட்கோடுமாக வைத்திருந்தார். அதன்பின் வந்தோர் அதனைப் புதுக்கவில்லை. பழமை கெடாது காத்த வண்டிகளின் வகுப்பிலிருந்து ஒன்று அவ்விழாவின் முதற்பரிசு பெற்றது அதுவே முதன்முறை. மாற்றம் பெற்ற வண்டியே அது. ஆயின் மாற்றியவர் கைரேகையும் மாற்றிய காலமும் அதன் மேனியிலேயே தெளிவாக உள்ளன.

இவற்றால் யாம் துணிந்தது இது. பொருள்வளம் உடையார் அழகை எத்துணை முறையும் மீட்டுக்கொள்ளலாம். வரலாற்றை ஒருமுறை சுரண்டி எறிந்தால் மீட்டல் இல்லை. ஆதலின் ஐயமுற்றவிடத்து, மீட்கவியலாததைக் காப்பதே அறிவுடைமை. நம் ஊர்ப் பழங்கட்டடங்களுக்குச் சுண்ணம் அடிப்போரும், பழஞ்சுவடிகளையும் பழம்பலகைகளையும் துடைப்போரும் கையை ஓங்குமுன் ஒருகணம் நின்று, இவ்வடு எதனைச் சொல்லுகின்றது என்று வினவுவராக. வடுக்களோடு நின்ற வண்டி ஒன்று நடுவரை வென்றது. இழப்புகள் பலவற்றோடு வாழ்ந்த அதன் கருத்தர் எட்டோரே புகாட்டியும் மறக்கத்தக்கவர் அல்லர்.